யாரோடு யுத்தம்?

பேய் பிசாசுகளில் நம்பிக்கை இல்லை என்று சொல்லுகிறவர்கள்கூட, இருட்டிய பிறகு ஊர்க்கோடிப் புளியமரத்தைக் கடக்கும்போது சற்று உரக்கப் பாடிக்கொண்டு போவதைப் புதுக்கோட்டைச் சீமையில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். பாட்டு எவ்வளவு உரத்திருக்கிறதோ, அவ்வளவுக்குப் பேயின் மீது நம்பிக்கை பாக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் பேய் என்று சொல்லும் வழக்கமில்லை. நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். 'பசாசு' என்றுதான் சொல்லுவோம். புளியமரத்துப் பேய்க்கும் எங்கள் பசாசுக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. பேய் ஆளைப் பயமுறுத்துவதோடு நின்றுவிடும். பசாசோ பயமுறுத்துவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து நயமாகப் பேசும். நம்முடைய கோபத்துக்கு நியாயம் கற்பிக்கும். அதனோடு ஆயுள் முழுவதும் யுத்தம் செய்ய வேண்டும் என்பது ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

பாடத்தில் தகராறு இல்லை. யுத்தம் எந்த இடத்தில் நடக்கிறது, எதிராளி யார் என்பதில்தான் தகராறு. சமீப காலத்தில் 'ஆன்மிகப் போர்' என்ற வார்த்தை பிரசங்க மேடைகளில் அடிக்கடி காதில் விழுகிறது. எங்கேயாவது ஒரு ஜெபக்கூட்டத்தின் மீது கல் விழுந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, "அந்த ஊர் சாத்தானின் கோட்டை; அதைத் தகர்க்க வேண்டும்" என்று ஒருவர் முழங்குகிறார். சபையும் கைதட்டுகிறது. அந்தக் கைதட்டலைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் சங்கடப்படுகிறது. காரணத்தைச் சொல்லுவதற்கு நான் ஆவூரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடமேற்குப் பகுதியில் இருக்கிறது ஆவூர். இன்று பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சாதாரணக் கிராமம். நடுவே ஒரு பெரிய மாதா கோயில். ஆனால் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏசு சபையாரின் மதுரை மிஷனுக்கு அது முக்கியமான ஸ்தலம். 1606-இல் ராபர்ட் தெ நொபிலி மதுரையில் தொடங்கிய வேலையின் ஒரு கிளை அங்கே வேரூன்றியது. அதை ஊன்றியவர் வெனான்சியுஸ் புஷே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். இப்போதுள்ள பெரிய கோயில் 1747-இல் எழுந்தது என்று சொல்லுகிறார்கள். வீரமாமுனிவரும் அங்கே பணியாற்றியவர்தாம்.

புஷே பாதிரியார் சுவாரஸ்யமான மனிதர். ராணி மங்கம்மாள் காலத்தில், கிறிஸ்தவர்களுக்குப் பாதுகாப்புத் தேடி அவர் திருச்சிராப்பள்ளி அரண்மனைக்குப் போனார். வெறுங்கையோடு போகவில்லை. நாடுகளின் பெயர்களையும் கடல்களின் பெயர்களையும் தமிழ் எழுத்தில் பொறித்த பூகோள உருண்டை ஒன்றைக் காணிக்கையாக எடுத்துச் சென்றார். தளவாய் நரசப்பய்யா அவரை மரியாதையோடு வரவேற்றார். எதிரியின் கோட்டைக்குள் நுழைகிறவனைப்போல் அல்லாமல், விருந்துக்குப் போகிறவனைப்போல் அவர் போயிருக்கிறார்.

அதே புஷே பிற்காலத்தில் வேறொரு காரியமும் செய்தார். 1687-இல் ஐரோப்பாவில் ஒரு சர்ச்சை கிளம்பிற்று. பழைய கிரேக்கக் கோயில்களில் எழுந்த தெய்வ வாக்குகள் பேயின் குரல் அல்ல, பூசாரிகளின் தந்திரமே என்று பொந்தனெல் என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதினார். 1707-இல் பால்துஸ் என்ற ஏசு சபைக் குரு அதை மறுத்தார். இங்கிருந்து புஷே, பால்துஸுக்குத் துணையாக ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தென்னிந்தியாவில் சாமியாடிகளின் வாய்மூலம் பசாசுகள் இன்றும் பேசுகின்றன என்றும், கிறிஸ்து வேதம் பரவுகிற இடங்களில் அந்தக் குரல் அடங்கிப் போகிறது என்றும் அதில் வாதித்தார். நம்முடைய அய்யனார் கோயில்களும் கருப்பர் கோயில்களும் அவர் கண்ணுக்குப் போர்க்களங்களாகத் தோன்றின.

ஆனால் மனிதர்கள் ஒரே கடிதத்தில் அடங்கிவிடுகிறவர்கள் அல்லர். 1714-இல் பிரான்ஸ் தேசத்து நீதிபதி ஒருவருக்கு அவரே இன்னொரு கடிதம் எழுதினார். அதில் இந்த நாட்டின் நியாய முறையைப் பற்றி மதிப்போடு விவரித்து, மரியாதைராமனுடைய தீர்ப்புக் கதைகளையும் எடுத்துச் சொன்னார். ஒரே பேனா, ஒரு கடிதத்தில் இந்த மண்ணில் பசாசைக் கண்டது. மற்றொன்றில் மரியாதைராமனைக் கண்டது. எங்கள் மதத்தாருக்கு இந்த இரண்டு கண்களும் பரம்பரைச் சொத்து. எந்தக் கண்ணை எப்போது திறப்பது என்பதுதான் கேள்வி.

புஷேக்கு முன்னாலேயே அந்தக் கேள்விக்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர் அருளானந்தர். லிஸ்பன் நகரத்தில் 1647-இல் பிரபு குடும்பம் ஒன்றில் பிறந்த ஜான் தெ பிரிட்டோதான், காவி உடுத்து, மாமிசம் நீக்கி, பண்டாரச் சுவாமியாகத் தமிழ்நாட்டில் நடமாடினார். 1686-இல் மறவர் சீமையில் உபதேசியார்களோடு பிடிபட்டார். அடித்தார்கள், வதைத்தார்கள், மரண தண்டனையும் விதித்தார்கள். கடைசியில் கிழவன் சேதுபதி அவரை நேரில் விசாரித்து, இந்தச் சீமையில் இனிப் போதிக்கலாகாது என்று சொல்லி விடுதலை செய்தார். தம் மனைவியின் சகோதரரான ரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைக்கு அதிபதியாக்கியவரும் இதே சேதுபதிதான். அதுவும் ஏறக்குறைய அதே வருஷம்தான் என்பார்கள். ஆகவே எங்கள் சமஸ்தானமும் அருளானந்தரின் மறுபிறப்பும் ஒரே கையிலிருந்து வந்தவை என்று நான் வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு.

அவ்வளவில் அவர் ஐரோப்பாவிலேயே தங்கியிருக்கலாம். போர்த்துகல் மன்னர் அவருடைய பால்ய சிநேகிதர். ஆனாலும் திரும்பி வந்தார். தடியத்தேவர் என்ற மறவர் குலப் பிரபு 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப் பெண். தடியத்தேவரோ பட்டத்துக்கு உரிமை கோரக்கூடிய வம்சத்தவர். ஆக, ஒரு வீட்டின் கண்ணீரும் ஓர் அரியணையின் அச்சமும் சேர்ந்துகொண்டன. 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டுண்டது. 1947-இல் ரோமாபுரி அவரை அர்ச்சியசிஷ்டராக அறிவித்தது.

இதைப் 'பசாசின் சூழ்ச்சி' என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அப்படிச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் துயரம் மறைந்துபோகிறது. எந்த ஆத்திரத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். அது நியாயமான காரணமாகவும் இருக்கலாம், அநியாயமான காரணமாகவும் இருக்கலாம். காரணத்தைத் தேடுகிற சிரமத்திலிருந்து தப்புவதற்குப் பசாசு நமக்கு மிகவும் சௌகரியமான வார்த்தை.

இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த ஞானம் அல்ல. என் தகப்பனார் உபதேசியார். சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய் ஜெபமும் ஞானோபதேசமும் சொல்லிக் கொடுப்பது அவர் வேலை. சம்பளம் சொற்பம், சைக்கிள் பழையது. 1964-ஆம் வருஷம், எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு கிராமத்தில் நாலைந்து ஏழைக் குடும்பங்கள் வேதத்தில் சேர்ந்திருந்தார்கள். சேர்ந்தபிறகு, பெரிய வீட்டுச் சாவுகளுக்குக் கூலியில்லாமல் பறையடிக்கப் போவதில்லை என்று நின்றுவிட்டார்கள். "யார் சொல்லிக் கொடுத்த துணிச்சல் இது?" என்று ஊரில் கேள்வி எழுந்தது. சைக்கிளில் வருகிற உபதேசியார்தான் பதில் என்று தீர்மானமாயிற்று.

ஒரு நாள் இரவு, கண்மாய்க் கரை வழியாகத் திரும்புகையில் ஐந்தாறு பேர் வழிமறித்தார்கள். தடி தோளில் விழுந்தது. அருவாள் வீச்சு சைக்கிள் கைப்பிடியில் பட்டது. அது அங்கே படாமல் இருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே எனக்கு இருந்திருக்காது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். ஓடிய திக்கில் இருந்தது அய்யனார் கோயில். எங்கள் பக்கத்து அய்யனார் கோயில்களில் பூசை செய்கிறவர்கள் வேளார்கள். மண்குதிரை செய்கிற அதே கைதான் தீபமும் காட்டும். அன்று புரவியெடுப்புக்காகச் செய்த குதிரைகள் கொட்டகையில் வரிசையாக நின்றன. கிழவர் வேளார் அங்கே காவலுக்குப் படுத்திருந்தார்.

"உபதேசியாரே, உள்ளே வாங்க. மூச்சு விடாதீங்க. குதிரையோட குதிரையா இருங்க" என்று அவரைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு, வாசலில் வந்து நின்றுகொண்டார். துரத்தி வந்தவர்கள் கேட்டபோது அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

"அய்யனார் எல்லைக்குள்ளே அருவாளோட வர்றவன் வரட்டும். நாளைக்கு மழை கேட்டு எங்கிட்ட வரக்கூடாது" என்றார்.

ஒருவரும் உள்ளே வரவில்லை. விடியற்காலையில் வேளாரே வண்டி பிடித்து அப்பாவை எங்கள் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "தோளுக்கு ஒத்தடம் குடுங்கம்மா" என்று சொல்லிப் போய்விட்டார்.

அந்த வாரம் எங்கள் கோயிலில் எல்லோரும் ஒரே குரலில், "பசாசின் வேலை!" என்றார்கள். அந்த ஊரையே ஜெபத்தால் கட்டவேண்டும் என்றார் ஒருவர். அப்பா ஒன்றும் பேசவில்லை. அடித்தவர்கள் இன்னார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வழக்குத் தொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு அடக்கமுடியாத ஆத்திரம். "உங்களைக் கொல்ல வந்தவர்கள் மேல் பசாசு ஏறியிருந்தது என்கிறார்களே, அவர்களை ஏன் சும்மா விடுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

அப்பா வெகுநேரம் பேசாமலிருந்து பிறகு சொன்னார்: "தம்பி, அவர்கள் மேல் என்ன ஏறியிருந்தது என்று எனக்குத் தெரியாது. என்மேல் ஏறியது தெரியும். குதிரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது ஜெபமாலை சொல்லப் பார்த்தேன், வரவில்லை. அவர்கள் வீடு எரிய வேண்டும், பிள்ளைகள் தெருவில் நிற்க வேண்டும் என்றே மனசு சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லச் சொல்ல இனித்தது. அதுதான் பசாசு. அது வெளியே அருவாளோடு நிற்கவில்லை. உள்ளே என்னோடு உட்கார்ந்திருந்தது. வெளியே நின்று என்னைக் காப்பாற்றியவர் அய்யனார் கோயில் பூசாரி. நான் யாரைச் சாத்தானின் ஆள் என்று சொல்ல?"

அர்ச்சியசிஷ்ட சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தில் ஆன்மிக யுத்தத்துக்கு வேண்டிய கவசங்களை வரிசைப்படுத்துகிறார். நமது போர் இரத்தமும் சதையுமான மனிதர்களோடு அல்ல என்பதுதான் அங்கே அவர் முதலில் செய்யும் எச்சரிக்கை. மேடையில் யுத்தம் முழங்குகிறவர்கள் அந்த அதிகாரத்தைத்தான் ஆதாரம் காட்டுகிறார்கள். ஆனால் எச்சரிக்கையைத் தாண்டி நேரே கத்திக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கவச வரிசையில் காலில் போடுகிற செருப்பு, சமாதானச் செய்தி. கத்தி இருந்து செருப்பு இல்லாதவன் அதிக தூரம் போகமுடியாது.

அப்பாவின் அலமாரியில் ஒரு பழம்புத்தகம் இருந்தது. வீரமாமுனிவர் 1727-இல் உபதேசியார்களுக்காகவே எழுதிய 'வேதியர் ஒழுக்கம்'. 'தேம்பாவணி'யைப் புகழ்கிறவர்கள் அநேகர். 'சதுரகராதி'யை நன்றியோடு நினைக்கிறவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் மட்டும் இந்தச் சிறிய உரைநடை நூலுக்கே முதல் மரியாதை. தமிழகம் வந்து சில வருஷங்களுக்குள், 1714-15 வாக்கில், வீரமாமுனிவரும் மரண தண்டனையிலிருந்து மயிரிழையில் தப்பியவர். தப்பிய மனிதர் மிச்ச ஆயுளை எப்படிச் செலவழித்தார் என்று பாருங்கள். தமிழ் கற்றார், இலக்கணம் எழுதினார், அகராதி தொகுத்தார், எகர ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் வேறுபடுத்த எழுத்தையே திருத்தினார். லுத்தரன் சபையாரோடு அவர் நடத்திய வாதப்போர் கடுமையானது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தம்மைக் கொல்லப் பார்த்த நாட்டின் மொழிக்கு அவர் செய்தது உபசாரமே.

மூன்று வாரம் சென்றபின், அப்பா அதே கைப்பிடி வெட்டுப்பட்ட சைக்கிளில் அதே கண்மாய்க் கரை வழியாக அந்த ஊருக்குப் போனார். பயமில்லாமல் போகவில்லை; புறப்படும்போது கை நடுங்கியதை நான் பார்த்தேன். அங்கே பெரிய வீட்டு முதியவரைக் கண்டு, "என்மேல் கை வைத்ததைப் பற்றிப் பேச வரவில்லை. அந்தக் குடும்பங்கள்மேல் கை வைக்கக்கூடாது என்று கேட்க வந்தேன்" என்றாராம். முதியவர் பதில் சொல்லவில்லை. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாராம். அதன்பிறகு யாரும் அந்தக் குடும்பங்களை அடிக்கவில்லை. ஆனால் ஒரு குடும்பம் வயிற்றுப்பாட்டுக்கு வழியின்றி மீண்டும் பறையைத் தூக்கிக்கொண்டு போயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் உறுதியாக நின்றார்கள்.

அப்பா செய்தது முழுக்கச் சரியா என்று இன்றைக்கும் எனக்குள் ஒரு வாதம் நடக்கிறது. மன்னிக்கிற உரிமை அடிபட்டவனுக்கு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் அந்த ஊரிலே அடிவாங்கக் காத்திருந்த ஏழைகளுக்குத் தப்பி ஓடச் சைக்கிள் இல்லை; அவர்களுக்குச் சட்டம்தான் சைக்கிள். 1999 ஜனவரியில் ஒரிஸ்ஸாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெய்ன்ஸையும் அவருடைய இரண்டு சிறுவர்களையும் உயிரோடு எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ் அம்மையார், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார்; தொழுநோயாளருக்கான பணியைத் தொடர்ந்து அங்கேயே நடத்தினார். அதே சமயத்தில் நியாயஸ்தலம் தன் வேலையைச் செய்தது. குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை உறுதியாயிற்று. மன்னிப்பு நெஞ்சின் காரியம். தண்டனை ராஜாங்கத்தின் காரியம். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பா உயிரோடிருந்தால் இதைப்பற்றி அவரோடு நிச்சயமாக விவாதிப்பேன். அவர் மோர்க் கதையைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பார்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் அபிப்பிராய பேதமே இல்லை. பசாசின் கோட்டையைத் தகர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தங்கள் மதிலைப் பார்க்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தில், ஒரே கோயிலுக்குள் ஒரே பூசையைக் காண வந்த கிறிஸ்தவர்களைச் சாதிவாரியாகப் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. 1910-இல் அது இடிக்கப்பட்டது. அந்தச் சுவரை அய்யனார் கட்டவில்லை, கருப்பர் கட்டவில்லை. ஜெபமாலை உருட்டிய கைகளே கட்டின. கல்லால் கட்டிய அந்தச் சுவர் போய்விட்டது. கல்லில்லாமல் கட்டிய சுவர்கள் எத்தனையோ ஊர்களில், கல்லறைத் தோட்டம்வரை, இன்னும் நிற்கின்றன. யுத்தம் செய்ய விரும்புகிறவர்களுக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது.

என் சிநேகிதர்களில் மற்ற மதத்தாரே அதிகம். "உங்கள் பாதிரிமார் எங்கள் சாமியைப் பசாசு என்றார்களே!" என்று அவர்கள் என்னைக் கேட்பதுண்டு. "சொன்னார்கள், உங்கள் வேளாரோ எங்கள் உபதேசியாரைக் காப்பாற்றினார். இரண்டையும் நான் மறக்கவில்லை" என்று பதில் சொல்லுவேன். என் விசுவாசம் எனக்குப் பெரியது. என் வேதத்தைப் பிறருக்குச் சொல்லுகிற உரிமையையும், பிறர் அதை வேண்டாமென்கிற உரிமையையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் என் அண்டை வீட்டுக்காரரை என் யுத்தத்தின் எதிராளியாக்கினால், அந்த நிமிஷமே நான் தோற்றுவிட்டேன் என்று எண்ணுகிறேன்.

மே மாதத்தில் ஆவூரில் தேர்த் திருவிழா நடக்கும். சுற்றுவட்டாரத்திலிருந்து எல்லா மதத்தாரும் திரளாக வருகிறார்கள். புஷே பாதிரியார் இப்போது எழுந்து வந்தால், மாதாவின் தேரைப் பார்க்க நெற்றியில் திருநீற்றோடு நிற்கும் ஜனங்களைக் கண்டு பால்துஸுக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். அதில் அவர் என்ன எழுதுவார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த வழியாகப் போகிற நேயர்கள் அவசியம் ஒருமுறை இறங்கி அந்தக் கோயிலைப் பார்க்க வேண்டும். திரும்புகிற பாதையில் கண்ணில் படுகிற அய்யனார் கோயிலில் வேளார் யாராவது இருந்தால், அவருக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். எங்கள் குடும்பத்தின் கடன் அந்தப் பக்கத்தில் இன்னும் பாக்கியிருக்கிறது.